“இந்த மாடலே அப்படித்தான் சார்” என்று சொன்னால்...

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் 80ஐத் தொட்டதும் ஹேண்டில்பாரில் நடுக்கம் ஆரம்பிக்கிறது. வாலாஜா போய்ச் சேர்வதற்குள் விரல்கள் மரத்துப்போகின்றன. வண்டியை சர்வீஸுக்கு விட்டால், சி.டி.எச். சாலையில் ஒரு ரவுண்டு போய்வந்து, “இந்த மாடலே அப்படித்தான் சார்” என்கிறார்கள். சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் அந்தச் சாலையில் 80ஐ எங்கே தொடுவது? நடுக்கம் வரும் வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் அது மாடலின் இயல்பு என்று சொல்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

நடுக்கம் என்ஜினோடு வருகிறதா, சக்கரத்தோடு வருகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், நடுக்கம் வரும் அதே ஆர்.பி.எம்.முக்கு ஆக்ஸிலரேட்டரை முறுக்குங்கள். அங்கேயும் நடுங்கினால் ஸ்பார்க் பிளக், டேப்பெட், பேலன்சர், என்ஜின் பவுண்டேஷன் போல்ட் என்று தேட வேண்டும். எந்த கியரில் போனாலும் ஒரே வேகத்தில் மட்டும் வந்தால் டயர், ரிம், வீல் பேரிங், செயின். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. லோடில் மட்டும் வரும் மிஸ்ஃபயர் நியூட்ரலில் பிடிபடாது. அதற்கு ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் கிராஷ் கார்டு. சில மாடல்களில் அது பவுண்டேஷன் போல்ட்டிலேயே மாட்டப்படுகிறது. ஆக்ஸசரீஸ் கடையில் போல்ட்டைக் கழற்றி, கார்டை வைத்து, கை பலத்துக்கு இறுக்கிவிடுகிறார்கள். டார்க் ரெஞ்ச்சை எடுப்பவர்கள் குறைவு. போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட் தேய்ந்து செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. வாரன்டி கேட்கும்போது கம்பெனி முதலில் கைகாட்டுவதும் அந்தக் கார்டைத்தான். அதனால் புகார் எழுதுமுன் கார்டைக் கழற்றச் சொல்லி, போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கவைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அதிர்வைப் பொறுத்துக்கொண்டே ஓட்டினால் நட்டுகள் தளரும், பிராக்கெட்டுகள் விரிசல் விடும். இறங்கி வெகுநேரமாகியும் விரல் மரத்தே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரிய பைக்குகளின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. குறை தயாரிப்பிலேயே இருக்கவும் கூடும்: அதே ஆண்டு மே மாதம் நம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளைத் தானாகவே திரும்ப அழைத்தது. மிஸ்ஃபயர் வரலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று காரணம் சொன்னது. ஆகவே உங்கள் சேஸிஸ் எண் ஏதாவது ரீகாலில் வருகிறதா என்று டீலரிடம் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடவும் முடியும்.

இதில் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் ஜாப் கார்டு. “ஜெனரல் செக்கப்” என்று எழுதவிடாதீர்கள். “ஐந்தாவது கியர், 80 கி.மீ., ஹேண்டில்பாரில் அதிர்வு” என்று கி.மீ. ரீடிங்கோடு எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கை உட்காரவைத்து மதுரவாயல் பைபாஸில் சேர்ந்து ஓட்டிக் காட்டுங்கள். நகல் வாங்காமல் வண்டியை விட வேண்டாம். இரண்டு மூன்று முறை அதே புகார் பதிவானபின் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம்: அம்பத்தூர்க்காரர்களுக்குச் சென்னை; ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வது எளிதில் நடக்காது. மாற்றக்கூடிய பாகத்துக்காகப் புது வண்டி தரத் தேவையில்லை என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2010இல், என்ஜின் சத்தம் பற்றிய இன்னொரு கார் வழக்கில், தயாரிப்பிலேயே குறை என்று சுயேச்சையான நிபுணர் சொன்னால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. அதனால் மனுவில் முதலில் நிபுணர் பரிசோதனையைக் கேளுங்கள். பிறகு குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றவும், அலைந்த செலவுக்கு இழப்பீடும் கேளுங்கள். தயாரிப்புக் குறை நிரூபணமானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையையும் மாற்றாகச் சேர்த்துவிடுங்கள்.