விழுந்தது அடுத்தவர் பை. பொறுப்பு விமான நிறுவனத்துக்கு

விமானம் நின்று சீட் பெல்ட் விளக்கு அணைவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். தலைக்கு மேலுள்ள லக்கேஜ் பெட்டியை யாரோ திறக்க, பறக்கும்போது இடம் மாறிக் கிடந்த பை நழுவி, நடைபாதை ஓரம் உட்கார்ந்திருப்பவரின் தலையில் விழுகிறது. ஏழு கிலோ என்பது டிக்கெட்டில் உள்ள கணக்கு. டூட்டி ஃப்ரீ பாட்டில்களை யார் எடை போடுகிறார்கள்? அடிபட்டவர் "பரவாயில்லை" என்று இறங்கிப் போகிறார். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை.

பைக்காரரைத் தேட வேண்டியதில்லை. சர்வதேசப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் இணைந்தது. விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நேர்ந்த விபத்தில் பயணிக்கு உடற்காயம் ஏற்பட்டால் விமான நிறுவனமே பொறுப்பு என்கிறது அது. "தள்ளிவிட்டது இன்னொரு பயணி" என்ற பதில் ஒரு வரம்பு வரை செல்லாது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,51,880 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); அதாவது சுமார் 2 லட்சம் டாலர். அதற்கு மேல் கேட்கும்போதுதான், தன்மீது தவறில்லை அல்லது தவறு முழுக்க மூன்றாமவருடையது என்று நிரூபித்து நிறுவனம் விலக முடியும். இந்தத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. மருத்துவச் செலவு, வருமான இழப்பு என நீங்கள் நிரூபிக்கும் நஷ்டத்துக்குத்தான் பணம்.

விபத்து எது என்பதிலும் நீதிமன்றங்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. பயணியின் உடலுக்கு வெளியே நடந்த, எதிர்பாராத நிகழ்வு என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1985இல். சூடான காபி சிந்திச் சுட்டதும் விபத்துதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆனால் நீங்களே அவசரப்பட்டுப் பெட்டியைத் திறந்து பை உங்கள் மேலேயே விழுந்தால், இழப்பீடு குறையும், இல்லாமலும் போகும். உள்நாட்டுப் பயணத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, உச்சவரம்பு வேறு.

வழக்கு தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, சாட்சியம் இல்லாததால். எனவே இறங்கும் முன்பே பணியாளரிடம் சொல்லி, சம்பவத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் போன் எண்ணை வாங்குங்கள். பையையும் திறந்த பெட்டியையும் படமெடுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். விமான நிலைய மருத்துவரிடம் அன்றே காட்டி, தேதியும் நேரமும் போட்ட சீட்டு வாங்குங்கள். வலி தெரியாவிட்டாலும்தான். வவுச்சர் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றால், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயணக் காப்பீட்டின் வேலை வேறு. யார் தவறு என்று கேட்காமல், வெளிநாட்டு மருத்துவமனைச் செலவை அது தாங்கும். பல பாலிசிகளில் முதல் 50 அல்லது 100 டாலர் நம் கையிலிருந்துதான் போகும். தனிநபர் விபத்துக் காப்பு என்ற பகுதியைப் பலர் தப்பாக நம்புகிறார்கள். அது பெரும்பாலும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. மது அருந்தியிருந்தாலோ, கழுத்து வலி பழைய நோய் என்றாலோ மறுக்க இடமுண்டு. உங்கள் பை அடுத்தவர் மேல் விழுந்தால் உதவுவது 'தனிநபர் பொறுப்புக் காப்பு'. வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

விமான நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், பிறகு நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. விமானப் பயண வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2011இல் இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உடன்படிக்கைப்படி, விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே போய்விடும். நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது.