பெயர் இருக்கு, முகவரி எங்கே?

நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் இரவு, என் புராஜெக்ட் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றினேன். என் கணினியில் புதுப் பக்கம் வந்தது. நண்பன் போனிலோ பழையதே! 'போச்சுடா, நாளைக்கு அவங்க பார்க்கும்போது எது வருமோ?' என்று தலையில் கை வைத்தேன்.

1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறைதான் இணையதளப் பெயருக்குரிய ஐ.பி. எண்ணைத் தேடித் தருகிறது. ஒருமுறை கிடைத்த விடையை வழியிலுள்ள சர்வர்கள் டி.டி.எல். சொல்லும் விநாடிகள் வரை நினைவில் வைத்திருக்கும்.

என்.எஸ்.லுக்கப் கட்டளையில் கேட்டேன். என் டொமைனின் நேம் சர்வர் புது எண்ணைச் சொன்னது. நண்பனின் இணைப்பு பழையதைச் சொன்னது. ஆக, பதிவில் தப்பில்லை. டி.டி.எல். 86400, அதாவது 24 மணி நேரம்! பழைய சர்வரிலும் புதுப் பக்கத்தை ஏற்றித் தப்பித்தேன்.

நீங்க மாற்றுவதற்கு ஒரு நாள் முன்னாடியே டி.டி.எல்.லை 300 ஆக்கிடுங்க. பழைய 86400 தீரணுமில்லையா!