ஊரடங்குக்காக நிற்காத 12 வாரக் கெடு

கொரோனா பரவலால் 2020 ஜூன் 19, வெள்ளி முதல் 30 வரை சென்னை வட்டாரத்தில் முழு ஊரடங்கு விதிக்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களின் கடிதங்களில் அப்போது திரும்பத் திரும்ப வந்த கேள்வி: கர்ப்பிணிகள் செக்கப்புக்குப் போகலாமா?

‘மருத்துவச் சேவைக்குத் தடையில்லை’ என்றது அரசு. ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதே இதன் பொருள். ஆட்டோ, டாக்ஸி, சொந்த வண்டி எல்லாம் அவசர சிகிச்சைக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டன. மாதாந்திர செக்கப் அவசரமா, இல்லையா என்பதை வழியில் நின்ற போலீஸ்காரர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மாநகரப் பேருந்தும் மின்சார ரயிலும் மார்ச்சிலிருந்தே ஓடவில்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது, கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதியும் அரசின் பிக்மி பதிவு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் முதல் தவணை 2,000 ரூபாய் கிடைக்க, அப்போது 12 வாரத்துக்குள் பதிந்தாக வேண்டியிருந்தது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கு. அது மார்ச் 27 என்றால், ஜூன் 19-ல் 12 வாரம் நிறைந்துவிடும். கர்ப்பம் என்று தெரியவே ஐந்தாறு வாரம் போய்விடுகிறது. மிச்சமிருந்த நாட்களும் மார்ச்சிலிருந்து நீடித்த பொது ஊரடங்கிலேயே கழிந்துவிட்டன. ஜூன் ஊரடங்கு அறிவிப்பில் இந்தக் கெடுவைப் பற்றிப் பேச்சே இருக்கவில்லை.

வழக்கமாக வீடு தேடி வந்து பதியும் செவிலியர்கள் அப்போது கொரோனா பணியில் இருந்தார்கள். கர்ப்பிணிகள் இணையத்தில் தாங்களே பதியலாம் என்று சொல்லப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி ஒற்றை அறைகளில் குடியிருந்த குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே ஃபோன், அதுவும் கணவர் கையில் இருந்தது. ஆதாரில் இருந்ததோ சொந்த ஊர் முகவரி. சம்பளம் நின்றுபோன ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுக்குத்தான் அந்த 2,000 ரூபாய் கட்டாயம் தேவைப்பட்டது. கைநழுவிப் போகும் நிலையில் இருந்ததும் அந்த வீட்டுக்குத்தான். இழப்பு பணத்தோடு முடிவதில்லை. பதிவு தள்ளிப்போனால் ரத்தசோகையையும் ரத்த அழுத்தத்தையும் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். ஊரடங்கு நாட்களைக் கழித்துக் கெடுவைக் கணக்கிட ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்திருக்கும். சுகாதாரத் துறை அதை அந்த வாரமே வெளியிட்டிருக்க வேண்டும்.

அப்போது வந்த மற்ற கேள்விகளும் பதில்களும்:

ஃபோனில் பதிய முடியுமா? 102-ஐ அழையுங்கள், முன்பதிவு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்வீட்டில் பிரசவம் என்றால் மறுபடி பதிய வேண்டுமா? வேண்டாம், முதலில் பதிந்தபோது கிடைத்த 12 இலக்க எண்ணே போதும்.

கொரோனா டெஸ்ட் எடுக்காமல் பிரசவம் பார்க்க மாட்டோம் என்றால்? டெஸ்ட்டுக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது என்று 2020 மே 18-லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்லிவிட்டது.

ஊரடங்கில் வழியில் போலீஸ் தடுத்தால்? கர்ப்பிணி அட்டையைக் காட்டுங்கள்.

கர்ப்ப காலத்தில் ரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலி, குழந்தை அசைவு குறைதல் இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.