ஏழு கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கும் ஊர்

பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கேள்விகள் கேட்கப் போகிறோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும். ஆனால் விடைகளையெல்லாம் ஒரு நூலில் கோர்த்தால், நூல் ஒரே இடத்தில் போய் முடியும். அந்த இடம் எது என்பது எட்டாவது கேள்வி. கைத்தொலைபேசியைத் தொடக்கூடாது, அதுதான் போட்டியின் விதி!

முதல் கேள்வி. சோழர் காலத்துச் செப்பேடு ஒன்று ஹாலந்து நாட்டு நகரம் ஒன்றின் பெயரால் அழைக்கப்படுகிறது. எந்த நகரம்? இரண்டாவது: 671ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து கப்பல் ஏறி, இந்தியா சென்று நாளந்தாவில் படித்த புத்த பிக்கு யார்? மூன்றாவது: வடமொழிக் கதைக்கடலான 'கதாசரித் சாகர'த்தில், கடல் வாணிபத்துக்குப் புறப்படும் குகசேனனுக்கும் அவன் மனைவி தேவஸ்மிதைக்கும் சிவபெருமான் கொடுத்த மலர் எது? நான்காவது: கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றில் பெயர் பொறித்திருக்கும் பழங்காலக் கப்பல் தலைவன் யார்?

ஐந்தாவது சுலபம். எந்த மாநிலத்துக்காக அதன் அண்டை மாநிலத்துக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் என்று பணம் கட்டும் வழக்கம் ஏற்பட்டது? ஆறாவது: நம் நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் பெயராக அமைந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் எது? ஏழாவது கதை படிக்கும் அம்மாமார்களுக்கு: சாண்டில்யனின் 'கடல் புறா'வில் வரும் காஞ்சனா தேவி எந்த நாட்டு இளவரசி?

எழுதிவிட்டீர்களா? விடைகளைக் கடைசியிலிருந்து பார்ப்போம். முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது.

காஞ்சனா தேவி கடாரத்து இளவரசி. நடிகர் விக்ரம் நடித்து 2019இல் வந்த 'கடாரம் கொண்டான்' படத்தின் பெயரிலும் அதே கடாரம்தான். அது வேறெங்கும் இல்லை, நம் கெடா! பட்டினப்பாலையில் காழகம் என்று ஓர் ஊர் வருகிறது. அதற்குக் கடாரம் என்றே பொருள் எழுதினார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கல்யாண வீட்டில் சோறு வடிக்கும் பெரிய கொப்பரைக்கும் தமிழில் கடாரம் என்று பெயர் உண்டு. வடமொழியில் இந்த ஊருக்கு வழங்கிய 'கடாஹ' என்ற சொல்லுக்கும் கொப்பரை என்றே பொருள்.

ஆறாவது விடை ஹார்வர்ட். பீடோங் பக்கத்து வாசகர்கள் கேள்வியைப் படிக்கும்போதே சிரித்திருப்பார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் போகிறவன் புத்தகத்தோடு போவான். நம்மவர்கள் உளியும் வாளியுமாகப் போனார்கள். 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை போராடி, போலீசாரோடு மோதல் வரை போனதும் இந்த வட்டாரத்தில்தான். கூலிம் பக்கம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் பெயரிலும் ஒரு தோட்டம் உண்டு.

ஐந்தாவது, பினாங்கு. 1786இல் பிரான்சிஸ் லைட் அங்கே கொடியேற்றும் வரை அது கெடா சுல்தானின் தீவு. 1791 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு ஆறாயிரம் ஸ்பானிய வெள்ளி பேசப்பட்டது. 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் கைமாறியபோது அது பத்தாயிரமாயிற்று.

அந்தச் செபராங் பிறையில்தான் 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேயர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல்லில் புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவனின் பெயர் இருந்தது. அவனுடைய ஊர் ரக்தமிருத்திகை, அதாவது செம்மண் ஊர். நான்காம் விடை அவன்தான்.

மூன்றாவது விடை செந்தாமரை. இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் நெறி தவறினால் மற்றவர் கையிலுள்ள மலர் வாடிவிடும் என்பது வரம். குகசேனன் வியாபாரத்துக்கு வந்த ஊர் கடாஹம். அவன் இங்கே இருக்க, ஊரில் தன்னைக் கெடுக்க வந்த நான்கு வாலிபர்களின் நெற்றியில் நாய்க்கால் முத்திரையைச் சுட்டு அனுப்பிவிட்டு, ஆண் வேடத்தில் தானே கப்பல் ஏறிக் கடாஹத்துக்கு வந்து கணவனைக் காப்பாற்றினாள் தேவஸ்மிதை. கெடாவுக்குக் கப்பலேறி வந்த பெண்களில் கதையிலாவது முதலிடம் இவளுக்குத் தரலாம்.

இரண்டாவது விடை இ-சிங். ஸ்ரீவிஜயத்தில் தங்கிப் படித்த பின் கெடாவுக்கு வந்து, இங்கிருந்தே கப்பலேறி 673இல் வங்காளத்துத் தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்தார்.

இனி முதல் கேள்வி. விடை லெய்டன். 21 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேடு ஹாலந்து போய்ச் சேர்ந்ததால் லெய்டன் பட்டயம் என்று பெயர் பெற்றது. அதில் உள்ள செய்தியைக் கேளுங்கள். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீமாரவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதன் செலவுக்காக ஆனைமங்கலம் என்ற கிராமத்தை மாமன்னன் இராஜராஜன் 1006ஆம் ஆண்டு வாக்கில் வழங்கினான். அப்பா கொடுத்த வாக்கைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தவன் மகன் இராஜேந்திரன். அதே மகன்தான் 1025இல் கடற்படையை அனுப்பிக் கடாரத்தை வென்றான்! பகை நீடிக்கவில்லை. 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்கன் அவைக்கு வந்து, அந்த விகாரத்துக்கு உரிய கிராமங்களுக்கு வரி விலக்குக் கேட்டுப் பெற்றார்கள்.

விகாரம் என்னவாயிற்று? அதனோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நாகப்பட்டினத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. 1867இல் அரசாங்க அனுமதியோடு ஏசு சபையினர் அதை இடித்துவிட்டார்கள். அந்தச் சுற்றுப்புற மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான புத்தர் வெண்கலச் சிலைகள் கிடைத்தன.

இந்தக் கரையிலும் அப்படி ஒன்று நடந்தது. ஜெராய் மலைச் சாரலில், பூஜாங் பள்ளத்தாக்கில், குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் 1936, 37ஆம் ஆண்டுகளில் தோண்டிப் பார்த்து, பழங்கோயில்களின் அடித்தளங்களுக்கு எண் போட்டு வைத்தார்கள். அவற்றுள் 11ஆம் எண் கோயில் சுங்கை பத்துவில் இருந்தது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அதுவும் தரைமட்டமானது என்று 2013 டிசம்பரில் செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அதே சுங்கை பத்துவில்தான் பழங்கால இரும்பு உருக்கு உலைகளை ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். செம்பனை மரங்களுக்கு அடியில்! அங்கே பால் வெட்டிய நம் சனங்கள் எத்தனை பேர் அந்தச் செங்கற்களைத் தாண்டி வாளி சுமந்து போயிருப்பார்கள்!

மிஞ்சிய சின்னங்களை மெர்போக் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பக்கத்திலேயே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து அதிக தூரமில்லை. பள்ளி விடுமுறைக்குத் தூரதேசம் போகத் திட்டமிடுகிறவர்கள் இதையும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளட்டுமே.

எட்டாவது கேள்விக்கு விடை கெடா என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் நாகப்பட்டினம் என்ற பெயரைப் படித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ரஜூலா கப்பலை அவர்களுக்குத் தெரியும். 1926இல் கட்டி, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த கப்பல் அது. கடாரத்து அரசன் விகாரம் கட்டிய அதே துறைமுகத்தில் மூட்டை முடிச்சோடு ஏறி, கடாரத்துக்கு எதிரே உள்ள தீவில் இறங்கியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்.

ஆகவே ஒன்பதாவதாக ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பல் ஏறியவர் யார்? எந்தத் துறைமுகத்தில், எந்த ஆண்டில்? இதற்கு விடை நம் பத்திரிகையில் வராது. பாட்டியைக் கேட்டு, அந்தப் பென்சிலாலேயே எழுதி வையுங்கள்.