செல்போனுக்கு 'போதும்' சொல்லத் தெரியுமா?



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, 'செல்போன் கைக்கு வந்த பிறகு மத்தியானம்னு ஒரு பொழுதே இல்லாமப் போச்சு' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். படித்ததும் மனசில் பாதி 'ஆமாம்' என்றது. மீதிப் பாதி 'அப்படி ஒரேயடியாகச் சொல்லிட முடியாதே' என்றது. அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் எனக்கு 'செல்போன் அக்கா' என்றே பெயர். படிப்பு பிளஸ் டூ தான். ஆனால் புதிதாக ஏதாவது ஆப் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும். நாலு நாள் நோண்டிப் பார்த்து, 'இது தேறும், இது தேறாது' என்று சொல்லிவிடுவேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்கிறீர்களா? காசு, பணம், நகை எதைக் கொடுத்தாலும் மனுஷனுக்குப் போதாது, சோறு ஒன்றுக்குத்தான் 'போதும்' என்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? அதேதான். ஒரு ஆப்பைத் திறந்தால், 'இன்றைக்கு இவ்வளவுதான், எழுந்து வேலையைப் பாரு' என்று அது சொல்கிறதா என்று பார்ப்பேன். சொன்னால் வைத்துக்கொள்வேன். சொல்லாவிட்டால் தள்ளி வைப்பேன்.

அடி தெரியாத கிணறு

முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் படித்து முடித்தால், 'அடுத்த பக்கம்' என்று இருக்கிற இடத்தை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில், 'அடடா, அரிசி ஊறப் போடணுமே' என்று ஞாபகம் வந்துவிடும். 2006-ல் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் தானாக வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். வசதிக்காகச் செய்ததுதான். ஆனால், மக்கள் அதிலேயே மூழ்கிப் போவதைப் பார்த்து, 'இதற்காக வருந்துகிறேன்' என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

நம் நாட்டில் 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு கிணற்றை மூடினால் பக்கத்திலேயே இரண்டு கிணறு! சமையல் குறிப்பு பார்க்கத்தான் உள்ளே போவோம். வெளியே வரும்போது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். இது நம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை தோழிகளே, அதைச் செய்த விதமே அப்படி. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்த 'ஆட்டோபிளே' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். 'இத்தனை நிமிஷம் ஆச்சு, ஓய்வு எடு' என்று ஞாபகப்படுத்துகிற வசதியும் செட்டிங்ஸில் உண்டு.

நாளைக்கு ஒன்றே ஒன்று

இனி நான் தேடிப் பிடித்த நல்லவற்றுக்கு வருகிறேன். முதலில் 'வேர்டில்'. ஜோஷ் வார்டில் என்பவர், வார்த்தை விளையாட்டென்றால் உயிராக இருக்கும் தன் துணைவிக்காக உருவாக்கிய விளையாட்டு இது. 2021-ல் ஊருக்கெல்லாம் திறந்துவிட்டார். 2022 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அதை விலைக்கு வாங்கியது. ஐந்து எழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரி, இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் தப்பு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லை என்றால் சாம்பல் நிறம்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான்! அடுத்த வார்த்தைக்கு நாளை வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளையோடு சேர்ந்து ஆடினால் பத்தே நிமிஷம். அவளுக்கும் ஆங்கிலம் வரும், நமக்கும் வரும். 'அம்மாவுக்கு என்ன தெரியும்' என்கிற பேச்சும் கொஞ்சம் குறையும்!

அடுத்தது 'லிச்செஸ்' என்கிற சதுரங்க ஆப். 2010-ல் பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் தொடங்கியது. நன்கொடையில் நடப்பதால் விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. கம்ப்யூட்டரோடு ஆட 1 முதல் 8 வரை நிலைகள் உண்டு. ஒன்றில் ஆரம்பியுங்கள். நம்ம சென்னைப் பெண் வைஷாலி 2023-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு ஆட்டம் முடிந்தால் ராஜா விழுந்துவிட்டார், எழுந்து போகலாம். அது போதும்.

காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

கண்ணை மூடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லாத பொழுதுபோக்கு ரேடியோதான். கை வெங்காயம் நறுக்கும். காது பாட்டுக் கேட்கும். இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டே சமைத்த அம்மாக்களின் பெண்கள்தானே நாம்? நெதர்லாந்தில் உருவாகி 2016-ல் வந்த 'ரேடியோ கார்டன்' என்கிற ஆப்பில் பூமி உருண்டை ஒன்று தெரியும். அதில் எங்கே பச்சைப் புள்ளி இருக்கிறதோ, அந்த ஊர் ரேடியோ அப்போதே பாடும். உருண்டையை விரலால் திருப்பி, மகனோ மருமகளோ இருக்கிற ஊரில் நிறுத்துங்கள். அங்கே காலை ஏழு மணிக்கு என்ன பேசுகிறார்கள் என்று இங்கே சாயங்காலம் கேட்கலாம். பாஷை புரியாவிட்டால் என்ன, பிள்ளை இருக்கிற ஊர் சத்தமாயிற்றே!

படிக்கிற தோழிகளுக்கு 'மதுரைத் திட்டம்'. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998 பொங்கலன்று தொடங்கினார். பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றியவை அத்தனையும். சங்க இலக்கியம், திருக்குறள், பாரதியார், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எல்லாம் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளமாக இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் மாமியாருக்கும் உதவும். அத்தியாயம் முடிந்தால் மூடி வைக்கலாம்.

பிள்ளையைக் கூப்பிடாமல்...

'டேய், இதைக் கொஞ்சம் டைப் பண்ணிக் கொடுடா' என்று கெஞ்சுவதும், 'இரும்மா, அப்புறம்' என்று அவன் சொல்வதும் நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதான். கூகுள் விசைப்பலகையில் 2017 முதல் தமிழிலேயே பேசி எழுதலாம். மொழியில் தமிழைச் சேர்த்துவிட்டு, மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள், எழுத்தாக விழும். இந்தக் கடிதத்தில் பாதியை நான் அப்படித்தான் எழுதினேன்.

வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்கிற வசதி 2022 கடைசியில் வந்தது. மளிகைக் கணக்கு, கரண்ட் பில் எண், கேஸ் பதிவு செய்த தேதி எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்தால் காலண்டர் தாளைக் கிழித்துத் தேட வேண்டாம். கூகுள் லென்ஸைத் திறந்து மிக்ஸியோடு வந்த ஆங்கிலத் தாளின் மேல் காட்டினால் தமிழில் மாற்றித் தரும். ஆனால் மருந்து அளவுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். யார் எழுதியது என்று அனுப்பியவருக்கே தெரியாது. 'இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை ஓடிவிடும்' வகையறாவெல்லாம் பெரும்பாலும் இந்த அம்போடுதான் வரும். அம்பைப் பார்த்தால் நிறுத்துங்கள். அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

சீட்டுப் பணம் போன கதை

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. தையல் தைத்து, மாதாமாதம் சீட்டுக் கட்டி வந்தவள். 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், வீடியோவுக்கு லைக் போட்டால் போதும்' என்று முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது. முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறியது. பிறகு, '2,000 கட்டினால் 2,800' என்றார்கள். அதுவும் வந்தது. அப்புறம் கட்டக் கட்ட, 'இன்னும் ஒரே ஒரு தடவை கட்டுங்க, மொத்தமாக வந்துடும்' என்றார்களே தவிர, எதுவும் வரவில்லை. சீட்டு எடுத்த 38,000 ரூபாயும் போய்விட்டது.

பணம் போனதைவிட மோசம் என்ன தெரியுமா? 'வீட்டில் தெரிந்தால் என்ன சொல்வார்களோ' என்று மூன்று நாள் வாயே திறக்கவில்லை. என்னிடம் அழுதுகொண்டு வந்தபோதுதான் 1930-க்குப் போன் செய்தோம். அதற்குள் பணம் கை மாறி எங்கோ போயிருந்தது. இன்று வரை திரும்பவில்லை.

1930 என்பது சைபர் மோசடிக்கான உதவி எண். சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பணம் போன அந்த நிமிஷமே கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்குப் பாயும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும், ஏமாந்தவள் இல்லை. வேலை கொடுப்பவன் சம்பளம் தருவான். நம்மிடம் முன்பணம் கேட்க மாட்டான். அதேபோல, நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. பணம் அனுப்பத்தான் அது வேண்டும்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி போன்ற விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. ஆனாலும் கவனம் நமக்குத்தான் வேண்டும். முதலில் கொஞ்சம் கொடுத்து ஆசை காட்டுகிற எதுவும் 'போதும்' என்று சொல்லவே சொல்லாது.

இன்று ராத்திரியே மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய், குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். தெரியாதவன் உங்களைக் கண்ட குழுவில் இழுத்துப் போட முடியாது. இரண்டு, அக்கவுண்டில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். அதை யாருக்கும் சொல்லாதீர்கள். மூன்று, 1930-ஐ உங்கள் போனில் மட்டுமில்லாமல் அம்மா, மாமியார், வேலைக்கு வருகிற அக்கா எல்லார் போனிலும் பதிந்து கொடுங்கள்.

உங்களுக்கும் இதுபோல 'போதும்' சொல்லத் தெரிந்த ஆப் ஏதாவது அகப்பட்டால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எங்கள் தெருவே காத்திருக்கிறது!

– ஒரு வாசகி, தஞ்சாவூர்.