பார்த்ததை மட்டும் டைப் பண்ணு!

லீவுல மொபைலைத் தேய்ச்சுத் தேய்ச்சு போரடிக்குதா பாஸ்? 140 வருஷத்துக்கு முந்தின லண்டன் தெரு ஒண்ணுல வீடு வீடா ஏறி இறங்க ரெடியா? பாஸ்போர்ட், விசா எதுவும் வேணாம். கோழி கிண்டின மாதிரி இருக்கற இங்கிலீஷ் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை இருந்தா போதும்.

பிரிட்டனில் 1801-லேயே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆரம்பிச்சாச்சு. 1841 முதல் ஒவ்வொருத்தர் பெயரும் பதிவானது. வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்து வாங்கி, கணக்கெடுப்பாளர் அதை ஒரு நோட்டில் எடுத்து எழுதுவார். அந்த நோட்டுகளை நூறு வருஷம் பூட்டி வெச்சுட்டு, அப்புறம்தான் வெளியே விடுவாங்க. 1921 கணக்கு 2022 ஜனவரியில்தான் வந்தது.

சரி, திறந்தாச்சு. ஆனா, கோடிக்கணக்கான வரிகளில் தாத்தாவோட தாத்தாவை எப்படித் தேடறது? யாராவது உட்கார்ந்து டைப் பண்ணினாத்தானே ‘சர்ச்’ வேலை செய்யும்! 1881 கணக்கெடுப்பு முழுசையும், சுமார் மூணு கோடி பேரை, சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான் எழுத்தாக்கினாங்க. முக்கால்வாசி வீட்ல கம்ப்யூட்டரே இல்லாத 1980-களின் கடைசியில் தொடங்கின வேலை அது. இப்போ ‘ஃப்ரீசென்’ மாதிரியான திட்டங்கள் மற்ற வருஷங்களையும் இலவசமா ஏத்திட்டிருக்கு.

இந்த வேலையில் ஒரே கண்டிஷன்... பார்த்ததை மட்டும் டைப் பண்ணணும். திருத்தக் கூடாது! 1841-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க. 39 வயசுக்காரர் 35 ஆகிடுவார் (நம்ம அத்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்!). நமக்கு உண்மை தெரிஞ்சாலும் 35-னுதான் அடிக்கணும். ‘ஆக் லாப்’னு இருந்தா விவசாயக் கூலி. அந்தக் காலத்து இரட்டை ‘எஸ்’ஸில் முதல் எழுத்து ‘எஃப்’ மாதிரி நீண்டு நிற்கும். போதாக்குறைக்கு, எண்ணிக்கை போட்ட குமாஸ்தாக்கள் வயதுக் கட்டத்திலேயே கோடு கிழிச்சு வெச்சிருப்பாங்க. ஒண்ணா, ஏழா? கண்ணு பிதுங்கிடும்!

ஒரு எழுத்துதானேனு விட முடியாது. தப்பா அடிச்சா, அந்த ஆள் தேடலில் சிக்கவே மாட்டார். பணக்காரனுக்கு சொத்துப் பத்திரம், உயில்னு பத்து தடயம் இருக்கும். வீட்டு வேலை செஞ்ச பதினாலு வயசுப் பெண்ணுக்கு அந்த ஒரு வரியை விட்டா வேற என்ன இருக்கப் போகுது? மனநல விடுதிகளிலும் சிறைகளிலும் பல பேருக்கு இனிஷியல் மட்டும்தான் எழுதினாங்க. அவங்களை எவ்வளவு அக்கறையா டைப் பண்ணினாலும் பேரக் குழந்தைகளால் கண்டுபிடிக்க முடியறதில்லை.

மாட்டிக்காம இருக்க ஒளிஞ்சவங்களும் உண்டு. ஓட்டுரிமை இல்லாத பெண்களை எதுக்கு எண்ணணும்னு 1911-ல் பலர் கணக்கெடுப்பையே புறக்கணிச்சாங்க. எமிலி வில்டிங் டேவிசன் அன்று இரவு நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறையில் ஒளிஞ்சுக்கிட்டார். கடைசியில் அங்கேயும் பதிவாகி, தங்கியிருந்த வீட்டிலும் பதிவாகி... ரெண்டு தடவை எண்ணப்பட்டுட்டார்!

‘ஏஐ எதுக்கு இருக்கு?’ன்னு நீங்க கேட்கறது கேட்குது. அமெரிக்காவின் 1950 கணக்கு 2022 ஏப்ரலில் வெளியானப்போ, கையெழுத்தை முதலில் மெஷின்தான் படிச்சது. அப்புறம் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்த்தாங்க. எரிஞ்சதை எந்த மெஷினும் படிக்காது என்பது வேற கதை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கு 1942 டிசம்பரில் தீயில் போயிடுச்சு. 1941-ல் போர் காரணமா கணக்கே எடுக்கலை. அடுத்த 1951 கணக்கு 2052-ல்தான் திறக்கும். நாம அரைக்கிழம் ஆகியிருப்போம்!

நம்ம ஊர்ல? 1881-லேயே இந்தியா முழுக்க ஒரே சமயத்தில் தலை எண்ணினாங்க. ஆனா, நம்ம பாட்டன் பூட்டன் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வழியில்லை. மொத்த எண்ணிக்கைதான் புத்தகமா இருக்கு. 1948 சட்டப்படி கணக்கெடுப்புப் படிவங்களை யாரும் பார்க்கவும் முடியாது.

கடல் தாண்டினவங்க மட்டும் வரி வரியா கிடைக்கறாங்க. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரில் பெரும்பாலானவங்க சென்னையில் கப்பல் ஏறினவங்க. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா எல்லாம் கப்பல் பதிவேட்டில் இருக்கு. டர்பன் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கணினியில் ஏத்தியிருக்காங்க. அங்கிருந்து வேர் தேடி வர்றவங்க திணறுவது ஊர்ப் பெயரில்தான். குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதி வெச்சிருக்கார். அது எந்தப் பட்டி, எந்தப் பாளையம்னு அந்தப் பக்கம் போற டவுன் பஸ்ஸில் தொங்கிட்டு காலேஜ் போற உங்களுக்குச் சட்டுனு பிடிபடலாம். வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.