குடும்ப மருத்துவர்

பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளாறும் கடலொடு கலக்கும் கடலூர் மாவட்டத்தில் பெரிய மருத்துவமனைகள் இல்லாமல் இல்லை. தலைநகராகிய கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கின்றது. சிதம்பரத்தில், 1929ஆம் ஆண்டு தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டு நிறுவிய மருத்துவக் கல்லூரி, பின்னர் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறி, அதன் மருத்துவமனையுடன் பணியாற்றுகின்றது. எனினும், பெரிய கட்டடங்களைக் கொண்டு மட்டும் மருத்துவப் பணியின் சிறப்பை அளத்தல் இயலாது. நோயாளி முதன்முதலில் அடியெடுத்து வைக்கும் வாயில் எத்தகையது என்பதே முதல் வினா ஆகும்.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள பரங்கிப்பேட்டையில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவருக்கு இரத்தக்கொதிப்பு இருப்பதாகக் கொள்க. அந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆதலின் அவர் அதனை அறியார். என்றேனும் தலை சுற்றினால், ஒரு நாள் வருவாயை இழந்து நகரத்து மருத்துவமனைக்குச் செல்வார். நீண்ட வரிசையில் நிற்பார். ஒருமுறை கண்ட மருத்துவரை மறுமுறை காண்பது அரிது. மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று எண்ணி இருந்துவிடுவார். சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் அவரைத் தாக்கக்கூடும். அப்பொழுது பெரிய மருத்துவமனை அவர் உயிரைக் காக்கலாம். வலை இழுத்த கைக்குப் பழைய வலிமையைத் தருவது எளிதன்று. 2020ஆம் ஆண்டில் தமிழகத்தில் நடைபெற்ற ஆய்வு ஒன்று, இரத்தக்கொதிப்பு உடையவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்க்கே அந்நோய் கட்டுக்குள் இருந்ததைக் காட்டியது.

இக்குறையைத் தீர்ப்பவரே குடும்ப மருத்துவர். அவர் ஓர் உறுப்பை மட்டும் ஆராய்பவர் அல்லர். ஒரு குடும்பத்தின் குழந்தை முதல் முதியோர் வரை அனைவரையும் ஆண்டுதோறும் கண்டுவருபவர். தந்தைக்கு நீரிழிவு இருந்தமை அறிவாராதலின் மகனுக்கு முன்னரே சோதனை செய்வார். எளிய நோயைத் தாமே தீர்ப்பார். அரிய நோயாயின் உரிய வல்லுநரிடம் கடிதத்துடன் அனுப்புவார். நோயாளி திரும்பிய பின் மருந்து தவறாமல் உண்கின்றாரா என்று கவனிப்பார். நோயாளியின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகிய மூன்றையும் ஆய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இவற்றுள் முதலாவதை நன்கு அறிய நெடுநாட் பழக்கம் வேண்டும்.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதியது அன்று. 1943ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. பணம் இல்லாமையால் எவரும் மருத்துவம் பெறாது போதல் கூடாது என்றும், நோய் தடுத்தலும் நோய் தீர்த்தலும் ஓரிடத்தில் இணைதல் வேண்டும் என்றும் அக்குழு கூறியது. அதன் வழியில் 1952ஆம் ஆண்டு முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, இருக்கும் நிலையங்களை முதலில் வலுப்படுத்த வேண்டும் என்று 1961ஆம் ஆண்டில் வற்புறுத்தியது.

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் தொடங்கிய தேசிய மருத்துவப் பணியில், மக்கள் தத்தம் பகுதி மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்துகொண்டனர். வேல்சு நாட்டில் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு சிற்றூரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர், நோயென்று வருவோரை மட்டும் பாராமல், ஊரார் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவ்வூரில் அகால மரணங்கள் குறைந்தன.

அண்டை மாநிலமாகிய கேரளம், 2017ஆம் ஆண்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றத் தொடங்கியது. அங்கு மருத்துவர் எண்ணிக்கை உயர்ந்தது. மாலையிலும் மருத்துவம் கிடைத்தது. தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. மகளிர் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்தக்கொதிப்பையும் நீரிழிவையும் சோதித்தனர். மாத்திரைகளையும் கொண்டு சேர்த்தனர். வரிசையில் நிற்க இயலாத முதியோர்க்கு இது பேருதவியாயிற்று.

மாத்திரை வீட்டிற்கு வருதல் நன்று. அதனைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல மருத்துவர் ஒருவர் அவ்வீட்டை அறிந்திருத்தல் அதனினும் நன்று. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. ஒரு மருத்துவர் தனியே இத்தனை பேரையும் அறிதல் அரிது. ஆதலின் மருத்துவர்கள் பெருகவேண்டும்; குடும்பங்களை அவர்களுக்குப் பகுத்தளித்து, ஒவ்வொரு குடும்பத்திற்கும் குறிப்பேடு அமைத்தல் வேண்டும். அடிக்கடி இடமாற்றம் நேர்ந்தால் பழக்கம் வளராது. மேலும், குடும்ப மருத்துவம் வல்லுநர் கல்விக்குத் தாழ்ந்தது என்னும் எண்ணம் இளைய மருத்துவரிடமிருந்து நீங்குதல் வேண்டும்.

இவ்வாறு அமையின், கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் கூட்டம் குறையும். கடும் நோயுற்றோர்க்கு ஆங்குள்ள வல்லுநரின் நேரம் முழுமையாகக் கிடைக்கும். மீனவர் வலை இழுக்கும் கையும், உழவர் ஏர் பிடிக்கும் கையும் நோயால் தளர்வதற்கு முன்னரே காக்கப்பெறும். அதுவே மருத்துவப் பணியின் முதற்பயன் ஆகும்.